டிபிஓ: பெயரைப் பதிந்த பிறகுதான் வேலை

ஜூன் 1, 2025 முதல், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மலேசியாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தனிநபர் விவரம் வைத்திருக்கும் கம்பெனிகள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாக வேண்டும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகங்களில் யாரும் அந்த முழுப்பெயரைச் சொல்வதில்லை. டிபிஓதான். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நியமித்தவரை, இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் பதிய வேண்டும். பதிந்து முடித்ததும் பல முதலாளிகள் தங்கள் ஆள் அரசாங்க அங்கீகாரம் பெற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வக்கீலுக்கும் கணக்காய்வாளருக்கும் இருப்பதுபோல் இதுவும் ஒரு தொழில் பதிவு என்று எண்ணம். ஆனால் அந்தப் பதிவில் இருப்பது ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல், ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான். ஆளுக்கு வேலை தெரியுமா என்று அங்கே யாரும் பரீட்சை வைப்பதில்லை. பிப்ரவரி 2025-இல் ஆணையர் வெளியிட்ட நியமன வழிகாட்டியும் குறைந்தபட்சப் படிப்பு, சான்றிதழ் என்று எதையும் கட்டாயமாக்கவில்லை. சட்டம் தெரிய வேண்டும், கம்பெனியின் தொழில் புரிய வேண்டும், கணினிப் பாதுகாப்பு ஓரளவு தெரிய வேண்டும், நேர்மை வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஆகவே தரத்தைப் பார்க்கும் பொறுப்பு சம்பளம் கொடுப்பவர் தலையில்தான் விழுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். 2013-இலிருந்து ஒரு பதிவு இருக்கிறதே, கிளினிக், தனியார் பள்ளி, பயண முகவர், காப்புறுதி, நேரடி விற்பனை, வீடமைப்பு என்று சில வகைத் தொழில்களுக்கு? பிறகு 2016-இல் அடகுக்கடையும் வட்டிக்கடையும் சேர்ந்தன. அது கம்பெனியின் பதிவு. தனியாள் வியாபாரத்துக்கு 100 ரிங்கிட், பங்காளி வியாபாரத்துக்கு 200, செண்டிரியான் பெர்ஹாட் என்ற தனியார் கம்பெனிக்கு 300, பெர்ஹாட் என்ற பொதுக் கம்பெனிக்கு 400 என்று கட்டணம் கட்டி, சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். பதியாமல் தொழில் நடத்தினால் 500,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். டிபிஓ பதிவு வேறு. அது தொழில் வகையைப் பார்ப்பதில்லை, ஆள் கணக்கைப் பார்க்கிறது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்ததாக நினைக்க வேண்டாம்.

கணக்கு இதுதான். 20,000 பேருக்கு மேல் தனிநபர் விவரம் இருந்தால் டிபிஓ வேண்டும். அந்தரங்கத் தன்மையுள்ள விவரமோ நிதி விவரமோ என்றால் 10,000 பேருக்கு மேல். மூன்றாவதாக, ஆட்களைத் தொடர்ந்து, முறையாகக் கண்காணிப்பதே தொழிலின் பகுதியாக இருந்தால், உதாரணமாக யார் எங்கே போகிறார், என்ன வாங்குகிறார் என்று பின்தொடரும் செயலி வைத்திருந்தால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் வேண்டும்.

தவறு பெரும்பாலும் நடப்பது இந்த எண்ணுகிற இடத்தில்தான். பினாங்கில் மூன்று கிளை வைத்த ஒரு கிளினிக் என்று வைத்துக்கொள்வோம்: பட்டர்வொர்த், புக்கிட் மெர்த்தாஜாம், தீவில் ஒன்று. கணினியில் 7,400 நோயாளிகள். 'பத்தாயிரம் இல்லையே' என்று முதலாளி நிம்மதியாக இருக்கிறார். மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்தால், கணினி வருவதற்கு முந்தைய அட்டைகள் 4,000 வரிசையாக நிற்கின்றன. சட்டத்தின் பார்வையில் வைத்திருப்பதும் கையாள்வதுதான். தேடி எடுக்கும்படி அடுக்கி வைத்த காகிதமும் கணக்கில் வரும். ஆக மொத்தம் 11,400.

இப்போது கழிக்க வேண்டியதைக் கழிக்கலாம். ஒரே ஆள் இரண்டு கிளையில் பதிந்திருப்பார். பழைய அட்டையில் பழைய ஐசி (அடையாள அட்டை) எண், கணினியில் புதிய எண் என்று ஒருவரே இருவராக நிற்பார். பெயரை வைத்துப் பொருத்தினால் கதை முடியாது: ஒரே ஊரில் எத்தனை முனியாண்டி மகன் ராஜு! ஐசி எண்ணோடு பிறந்த தேதியையும் வைத்துப் பொருத்துங்கள். தொலைபேசி எண்ணை வைத்துப் பொருத்தவே வேண்டாம், அப்பா எண்ணில்தான் வீடே பதிந்திருக்கும். இறந்தவர்களையும் கழிக்கலாம், 2024 திருத்தம் அவர்களைச் சட்டத்தின் வரையறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. ஆனால் ஊழியர்களைச் சேர்க்க மறக்காதீர்கள், வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர்களின் கோப்புகளையும். கடைசியில் மூன்று கிளையும் ஒரே எஸ்எஸ்எம் எண்ணில் (கம்பெனிப் பதிவு எண்) இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் கம்பெனி மூன்றாக இருந்தால் கணக்கும் தனித்தனி. ஒரே குழுமத்துக்கு ஒரே டிபிஓ போதும், எல்லாக் கிளையிலிருந்தும் அவரை எளிதில் பிடிக்க முடிந்தால்.

எந்த விவரம் அந்தரங்கத் தன்மையுள்ளது என்பதிலும் சறுக்கல் உண்டு. உடல்நலம், மனநலம், அரசியல் கருத்து, சமய நம்பிக்கை, குற்றம் பற்றிய விவரம், ஏப்ரல் 1, 2025 முதல் விரல் ரேகை போன்ற உயிரியல் அடையாளம். நம் ஊர்ப் படிவங்களில் 'அகாமா' (சமயம்) என்றொரு கட்டம் பழக்கதோஷத்தில் இருக்கும். டியூஷன் சென்டர் சேர்க்கைப் படிவத்தில் அது எதற்கு? அந்த ஒரு கட்டத்துக்காக உங்கள் வரம்பு 20,000-இலிருந்து 10,000-க்கு இறங்கிவிடுகிறது, வெளிப்படையான சம்மதமும் வாங்க வேண்டியதாகிறது. கட்டத்தை அடித்துவிடுங்கள், பழைய பதிவுகளிலிருந்தும் அந்தப் பத்தியை நீக்குங்கள். விரல் ரேகை வைத்து வருகை பதியும் இயந்திரமும் இப்படித்தான். முப்பது ஊழியருக்கு அது இல்லாமலும் வண்டி ஓடும்.

கோயில் நிர்வாகத்தினர் அடிக்கடி கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. கோயிலின் உறுப்பினர் பட்டியல் ஒரு விதம், கட்டணம் வாங்கி மண்டபம் வாடகைக்கு விடுவதும் வகுப்பு நடத்துவதும் இன்னொரு விதம். பின்னதற்குச் சட்டம் பொருந்தும் என்று வைத்து நடப்பதே பாதுகாப்பு. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. அது நியாயமா என்பது வேறு பஞ்சாயத்து.

சரி, யாரைப் போடுவது? வழிகாட்டி கேட்பது: அவர் ஒரு வருடத்தில் குறைந்தது 180 நாள் மலேசியாவில் இருப்பவராகவோ, எந்த வழியிலாவது எளிதில் தொடர்புகொள்ளக் கூடியவராகவோ இருக்க வேண்டும். மலாயும் ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும். நேரடியாக மேல்நிலை நிர்வாகத்திடம் அறிக்கை தர வேண்டும். வேறு வேலையும் பார்க்கலாம், ஆனால் அந்த வேலை இதோடு மோதக் கூடாது. மோதல் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: 'வாடிக்கையாளர் விவரத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று இவர் முடிவு செய்கிறாரா?' ஆம் என்றால் அவர் வேண்டாம். விற்பனை மேலாளர், ஐடி தலைவர், மனிதவளத் தலைவர், முதலாளியே, யாரும் தன் வேலையைத் தானே சோதிக்க முடியாது. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2016-இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஐடி மேலாளரையே இந்தப் பதவியில் வைத்திருந்த கம்பெனிக்கு அபராதம் விழுந்தது. 2020-இல் பெல்ஜியத்தில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் 50,000 யூரோ கட்டியது. அங்கே டிபிஓவே தணிக்கை, இடர், விதியிணக்கம் ஆகிய பிரிவுகளுக்கும் தலைவராக இருந்தார்.

சின்னக் கம்பெனியில் எதிர்த்திசைத் தவறு நடக்கும். மோதல் இருக்கக் கூடாதென்று, வரவேற்பு மேசையில் இருக்கும் கிராணியின் (எழுத்தரின்) பெயரைப் போட்டுவிடுவார்கள். மோதல் இல்லை, உண்மைதான். ஆனால் டாக்டர் நோயாளிகளின் எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும்போது 'வேண்டாம், டாக்டர்' என்று அவரால் சொல்ல முடியுமா? சொல்ல முடியாதவர் டிபிஓ ஆக முடியாது.

நியமனக் கடிதத்தை ஒரு பக்கத்தில் முடிக்கலாம், ஆனால் சில வரிகள் இல்லாமல் முடிக்கக் கூடாது. நியமனம் தொடங்கும் தேதி, வேலைகள், மாதத்துக்கு எத்தனை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கப்படுகிறது, யாரிடம் அறிக்கை, அவர் இல்லாதபோது யார். வேலைகள் என்று எழுதும்போது இவை வர வேண்டும்: விவரம் கையாள்வது பற்றி ஆலோசனை, சட்டத்தைப் பின்பற்றுகிறார்களா என்று கண்காணிப்பு, புதிய திட்டம் வரும்போது அதன் பாதிப்பை மதிப்பிட உதவி, கசிவு நடந்தால் அதைக் கையாள்வது, பொதுமக்களுக்கும் ஆணையருக்கும் தொடர்பாளராக இருப்பது. கூடவே ஒரு வரி, ஊழியரின் மனநிம்மதிக்காக: டிபிஓவை நியமித்ததால் கம்பெனியின் பொறுப்பு அவர் தலைக்கு மாறுவதில்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

தேதியைக் கவனியுங்கள். நியமித்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆணையரின் இணைய முறையில் பதிய வேண்டும். கடிதத்தில் ஜனவரி தேதியைப் போட்டுவிட்டு மார்ச்சில் பதிய உட்கார்ந்தால், தாமதத்துக்கு நீங்களே எழுதித் தந்த சாட்சி அந்தக் கடிதம். முன்தேதியிட்டுச் சமாளிக்கப் பார்ப்பது அதைவிடப் பெரிய வம்பு. எஸ்எஸ்எம் எண், கடிதம், டிபிஓவின் தொடர்பு விவரம் ஆகியவற்றை மேசையில் வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். பிறகு விவரம் ஏதாவது மாறினால் 14 நாளுக்குள் திருத்த வேண்டும்.

மின்னஞ்சல்தான் அடுத்த குழி. டிபிஓவுக்கென்று தனி அலுவல் முகவரி வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. அவருடைய சொந்த ஜிமெயிலும் ஆகாது, அன்றாட வேலை முகவரியும் ஆகாது. பதவியின் பெயரில் முகவரி இருந்தால் ஆள் மாறினாலும் முகவரி நிற்கும். அந்த முகவரியை இணையதளத்திலும், தனிநபர் விவர அறிவிப்பிலும், பாதுகாப்புக் கொள்கையிலும் போட வேண்டும். அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், இது சட்டத்தின் 7-ஆம் பிரிவு. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நகைக்கடை வைத்திருப்பவர் தவணைத் திட்டத்தில் சேரும் பாட்டிக்காகத் தமிழிலும் ஒட்டினால் நல்லது, ஆனால் அது மூன்றாவது பிரதி. முதல் இரண்டுக்குப் பதிலாக ஆகாது.

இனி தரத்துக்கு வருவோம். வெளிநாட்டில் சிலர் இதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கும் ஒரு அளவுகோல் கிடைக்கும். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் டிபிஓ சான்றளிப்புக்கு அளவுகளை வெளியிட்டது. தரவுப் பாதுகாப்பில் இரண்டு வருட அனுபவம், இல்லையென்றால் வேறு துறையில் இரண்டு வருடமும் 35 மணி நேரப் பயிற்சியும். குறைந்தது நூறு கேள்விகள் கொண்ட பரீட்சை. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். ஸ்பெயின் இன்னும் கறார்: ஐந்து வருட அனுபவம் இருந்தால் நேராகப் பரீட்சைக்குப் போகலாம், மூன்று வருடம் என்றால் 60 மணி நேரப் பயிற்சி, இரண்டு வருடம் என்றால் 100, அனுபவமே இல்லையென்றால் 180. இரண்டு நாட்டிலும் இது விருப்பத் தேர்வு. சான்றிதழ் இல்லாமலும் டிபிஓ ஆகலாம். ஆனால் சந்தையில் ஆள் தேடும் முதலாளிக்கு எதைக் கேட்பது என்று தெரிகிறது. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தவரை நம் ஊரில் 'சர்டிஃபைட்' என்று அறிமுகம் செய்யும்போது அந்த 180 மணி நேரம் நினைவுக்கு வரட்டும்.

சான்றிதழ்களைப் படிக்கவும் தெரிய வேண்டும். பயிற்சியில் உட்கார்ந்ததற்குத் தருவது வருகைச் சான்றிதழ். பரீட்சை எழுதித் தேறி, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியது தகுதிச் சான்றிதழ். தரவுப் பாதுகாப்புத் துறையில் பலர் காட்டும் சிஐபிபி-இ என்பது பரீட்சைச் சான்றிதழ்தான், மதிப்புள்ளதுதான், ஆனால் அது ஐரோப்பியச் சட்டத்தைப் பற்றியது. அதே வகையைச் சேர்ந்த சிஐபிஎம் நிர்வாக முறை பற்றியது, நம் வேலைக்கு அதுவே நெருக்கம். ஐஎஸ்ஓ 27001, 27701 என்ற தகவல் பாதுகாப்புத் தரச் சான்றிதழ்கள் இரண்டும் நிறுவனத்தின் முறைக்குத் தருவது, ஆளுக்கு அல்ல. 'எச்ஆர்டி கார்ப் (முதலாளிகள் கட்டும் பயிற்சி நிதி) கிளைம் செய்யலாம்' என்று விளம்பரத்தில் இருந்தால் அது பணம் எங்கிருந்து வரும் என்பதைச் சொல்கிறது, பாடம் எப்படி என்பதைச் சொல்லவில்லை.

நேர்காணலில் சான்றிதழை மேசையில் ஓரமாக வைத்துவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'ஒரு நோயாளி தன் கோப்பின் நகல் வேண்டும் என்று எழுத்தில் கேட்கிறார். என்ன செய்வீர்கள்?' நல்ல பதிலில் சில விஷயங்கள் தானாக வரும். முதலில் கேட்டவர் அவர்தானா என்று அடையாளம் பார்ப்பார். 21 நாள் கெடு என்பார், முடியாவிட்டால் காரணத்தை எழுதிக் கொடுத்து இன்னும் 14 நாள் எடுக்கலாம் என்பார். கோப்பில் வேறொருவரின் விவரம், அண்ணனின் நோய் வரலாறு மாதிரி, கலந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார். 'டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று மட்டும் வந்தால் தேடலைத் தொடருங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு தரம் தெரிவது அவர் வைத்திருக்கும் கோப்பில். எந்த விவரம் எங்கே இருக்கிறது, யாருக்குப் போகிறது என்ற பட்டியல் முதல் மூன்று மாதத்தில் வந்திருக்க வேண்டும். அது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது. இந்தச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த தர நிர்ணயம் கேட்கும் சில சிறு விஷயங்களை வைத்தே ஆளை எடைபோடலாம். யூஎஸ்பி போன்ற கழற்றும் சாதனத்தில் விவரம் எடுத்துப் போக மேல்நிலை நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். மேகச் சேவை வழி அனுப்பவும் எழுத்து அனுமதி வேண்டும். வணிகத்துக்காக நிரப்பி வாங்கிய படிவங்களை, சட்ட மதிப்பு இருந்தாலொழிய, 14 நாளுக்குள் அழிக்க வேண்டும். புழக்கத்தில் இல்லாத விவரத்துக்கு 24 மாத அழிப்பு அட்டவணை வேண்டும். மேசை இழுப்பறையைத் திறந்து, போன வருட அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு ஐசி எண்ணோடு கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் அந்த டிபிஓ இன்னும் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

கசிவு நடக்கும் நாளில்தான் எல்லாம் வெளிப்படும். கணிசமான தீங்கு வரக்கூடிய கசிவு என்றால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் 1,000 பேருக்கு மேல் என்றால் அதுவே ஆணையரிடம் போகப் போதுமான காரணம். கணிசமான தீங்கு வரக்கூடும் என்றால் அந்த முதல் அறிவிப்பிலிருந்து ஏழு நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும், மீதி விவரத்தை 30 நாளுக்குள் ஆணையருக்குத் தரலாம். தவறினால் 250,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய மாலை ஆறு மணிக்கு கிராணி நோயாளிப் பட்டியலைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார் என்று வையுங்கள். மறுநாள் டிபிஓ பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் காவடிக்குப் பின்னால் நிற்கிறார், மின்னஞ்சலைப் பார்க்க ஆளில்லை. கடிகாரம் விடுமுறை பார்க்காது. ஆகவே அந்த அஞ்சல்பெட்டியை இரண்டு பேர் பார்க்க வேண்டும், முதல் அறிவிப்பின் வரைவு மலாயில் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். நடந்தது என்ன, எத்தனை பேர், என்ன வகை விவரம், உடனே என்ன செய்தோம் என்ற நான்கு இடத்தை நிரப்பினால் போதும் என்ற நிலையில். ஆணையருக்குச் சொல்ல வேண்டாத சிறு கசிவையும் பதிவேட்டில் எழுதி இரண்டு வருடம் வைத்திருங்கள்.

வெளியாளை ஒப்பந்தத்தில் வைக்கலாம். வழிகாட்டி அதை அனுமதிக்கிறது, இரண்டு வருடமாவது இருக்கட்டும் என்று பரிந்துரைக்கிறது. கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: இப்போது எத்தனை கம்பெனிக்குப் பார்க்கிறீர்கள்? எங்கள் கவுண்டருக்கு வருடத்தில் எத்தனை முறை நேரில் வருவீர்கள்? எங்களுக்கு மென்பொருள் விற்பதும் நீங்கள்தானா? விற்றவரே சோதிப்பது மோதல். விலை மட்டும் மலிவாக இருந்து வருகை பூஜ்யம் என்றால், நீங்கள் வாங்குவது இணையதளத்தில் போட ஒரு பெயர் மட்டுமே.

ஆள் விலகும்போது செய்ய வேண்டியதை ஒப்பந்தத்திலும் கடிதத்திலும் முன்பே எழுதிவிடுங்கள். பதிவேடுகள் கம்பெனியின் சொத்து, கடைசி நாளுக்கு முன் ஒப்படைக்க வேண்டும். அஞ்சல்பெட்டியின் கடவுச்சொல்லும், அதன் உறுதிச் செய்தி போகும் கைத்தொலைபேசி எண்ணும் அன்றே மாற வேண்டும். அந்த எண் பெரும்பாலும் பழையவரின் சொந்த எண்ணாகவே இருக்கும். புதியவர் வரும்வரை இடைக்கால ஆளின் பெயர், ஆணையரிடம் 14 நாளுக்குள் திருத்தம், இணையதளத்திலும் கவுண்டரில் ஒட்டிய அறிவிப்பிலும் திருத்தம். கவுண்டரில் ஒட்டியதைத்தான் மறப்பார்கள்.